அழுதது எங்க வீட்டுலதான்

ஆமாங்க மேடம், எங்க வீட்டுலதான். அதை எதுக்கு மறைக்கணும்? இந்தக் கட்டடம் பூரா கேட்டிருக்கும். தெருமுனை சைக்கிள் கடைக்காரர் வரைக்கும் கேட்டிருக்கு, காலையில என்னைப் பாத்துட்டு பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம்மான்னு விசாரிக்கறாரு. உள்ள வாங்க. செருப்போட வந்தாக்கூடப் பரவாயில்ல, சத்தம் மட்டும் போடாம வாங்க. தூங்கறா. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. இருங்க, துணியை எடுத்துடறேன்.

இல்ல, எழுப்ப மாட்டேன். நீங்க குழந்தைகள் நல அலுவலகத்துலேருந்து வந்திருக்கீங்க, குழந்தையைப் பாக்கணும், புரியுது. கட்டாயம் பாருங்க. கையைக் காலைத் திருப்பித் திருப்பிப் பாருங்க. தானா முழிக்கட்டும். இப்பத்தான் கண்ணை மூடினா. இப்ப எழுப்பினீங்கன்னா நேத்து நடந்ததை நான் வாயால சொல்லவே வேணாம், நீங்களே நேர்ல பாத்துட்டுப் போகலாம்.

இதுல வேடிக்கை என்னன்னா மேடம், நான் வேலை பாக்கறதே புகார் பிரிவுலதான். வாஷிங் மெஷின் கம்பெனி. காலையில ஹெட்போனை மாட்டினா சாயங்காலம் வரைக்கும், தண்ணி இறங்கல, மூடி திறக்கல, வெள்ளைச் சட்டை நீலமாயிடுச்சு, உங்க மேனேஜரைக் கூப்பிடுன்னு ஊர்ல இருக்கற கோவமெல்லாம் என் காதுலதான் வந்து கொட்டும். எல்லாத்துக்கும் புரியுதுங்க, மன்னிச்சுக்கோங்க, உடனே பாக்கறோங்கன்னு தேனொழுகப் பேசணும். பேசிப் பேசி நாக்கு தள்ளிப்போய் வீட்டுக்கு வந்தா, இப்ப என் மேலயே ஒரு புகார்.

யார் குடுத்ததுன்னு நீங்க சொல்லக் கூடாது, தெரியும். சொல்லவே வேணாம். கீழ் வீட்டு சார்தான், வேற யாரு. ரிட்டயர்டு ஆசாமி. பொழுது போகல. துடைப்பக்கட்டையைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு சீலிங்கை இடிப்பாரு. இவ ஒரு பந்தைக் கீழ போட்டா டொக் டொக். நான் மிக்ஸி போட்டா டொக் டொக். ஒரு நாள் நாங்க யாருமே வீட்ல இல்ல, அன்னைக்கும் இடிச்சிருக்காருன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. கை அரிக்கும் போல.

சரி, நேத்துக்கு வர்றேன். நேத்து எனக்கு வார லீவு. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிட்டாரு. லிஃப்ட் மெக்கானிக் அவரு. எந்த லிஃப்ட் எப்ப பாதியில நிக்கும்னு யாருக்குத் தெரியும், நின்னா இவரு ஓடணும். வீட்ல நானும் டிங்குவும்தான். டிங்குன்னா பாப்பா. நிஜப் பேரு வேற, இது அவ அப்பா கூப்பிடறது. லிஃப்ட் கதவு திறக்கறப்ப டிங்னு வருமில்ல, சின்னதுல இவ எந்தக் கதவு திறந்தாலும் டிங்குன்னு கத்துவாளாம். பீரோவைத் திறந்தா டிங். பாத்ரூம்லேருந்து யாராவது வெளிய வந்தா டிங். அப்படியே பேரு ஒட்டிக்கிச்சு.

சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் தரையில உக்காந்து பேப்பர் வெட்டிட்டு இருந்தோம். கதவுக்கு அடியில விளம்பரக் காகிதம் சொருகிட்டுப் போவாங்களே, டிவி, செருப்பு, சோபா செட்டுன்னு, அதெல்லாம் நான் தூக்கிப் போடறதில்ல. இவளுக்குத்தான். கத்தரியால ஒவ்வொரு படமா வெட்டுவா. கத்தரின்னதும் நிமிந்து பாக்கறீங்க பாருங்க! முனை மழுங்கினது மேடம், வெண்ணெயைக்கூட வெட்டாது. கையில பிடிக்க வராம முதல்ல ரெண்டு கையாலயும் வச்சு அமுக்குவா, நாக்கை வெளிய நீட்டிக்கிட்டு. இப்ப ஒரு ஷூவை அப்படியே கோடு தப்பாம வெட்டி எடுக்கறா. அப்புறம் இன்னொரு காகிதத்துல அதே மாதிரி ஷூ தேடி ஜோடி சேக்கணும். ஜோடி கிடைக்கலன்னா அந்த ஷூவோட வீட்டுக்காரர் நொண்டி நொண்டிப் போறாருன்னு கதை சொல்லுவா.

எங்க வீட்ல பாடம்னா இவ்வளவுதான். சுவத்தைப் பாக்கறீங்களே, அந்தச் சார்ட்டெல்லாம் அவரு வாங்கி ஒட்டினது. பழம், பறவை, வண்டி, உடம்பு உறுப்பு, எண்ணு, எழுத்து. பெயின்ட் அடிச்ச சுவரு தெரியாத அளவுக்கு ஒட்டியிருக்காரு. ஒரு நாள் அவ அதை நின்னு பாத்து நான் பாக்கல. அப்புறம் ஒரு பேசற பொம்மை, அமுக்கினா ஆப்பிள் ஆப்பிள்னு எந்த ஊர் உச்சரிப்போ தெரியாது, மூக்கால பேசும். பேட்டரி தீந்தப்ப நான் புதுசு போடல, நிம்மதி. நான் என்ன பண்றேன்? துணி மடிக்கறப்ப சாக்ஸை அவகிட்ட குடுத்து ஜோடி சேக்கச் சொல்றேன். தட்டு வைக்கறப்ப எத்தனை பேரு, எத்தனை கரண்டின்னு கேக்கறேன். வெங்காயம் நறுக்கினா ஏன் கண்ணு எரியுதுன்னு அவ கேப்பா, தெரியலையே, பாப்போமான்னு நான் சொல்லுவேன். பஸ் ஸ்டாப்புல நின்னா கடைப் பலகையில அவ பேரோட எழுத்து எங்கெங்க இருக்குன்னு தேடுவோம். இதுக்கெல்லாம் யாரும் கை தட்டறதில்ல மேடம். வீட்டுக்கு யாராவது வந்தா நாத்தனார் உடனே, செல்லம், அந்த ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக் காட்டு, அந்தப் பாட்டைப் பாடிக் காட்டுன்னு ஆரம்பிச்சுடுவாங்க. சொல்லலன்னா என் மூஞ்சியைப் பாப்பாங்க. இவ என்னத்தைச் சொல்லிக் குடுத்தான்னு.

எண்ணத் தெரியுமாவா? தெரியும். ஆனா ஜி, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவா. கீழ்த்தளத்துக்கு ஜின்னு லிஃப்டுல அப்படித்தானே இருக்கு. அவ அப்பா பழைய லிஃப்டோட பட்டன் பலகை ஒண்ணைக் கழட்டிட்டு வந்து குடுத்தாரு, அதுல கத்துக்கிட்டா. ஸ்கூல்ல சேக்கறப்ப இதை எப்படி மாத்தறதுன்னு எனக்கே தெரியல. உன் வயசு என்னன்னு கேட்டா விரலைக் காட்டறதுக்கு முன்னாடி ஜின்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கறா.

சிரிக்கறீங்க. நல்லாருக்கு. நான் சிரிக்கற நிலைமையில இல்ல.

எங்க நாத்தனார் ரெண்டு தெரு தள்ளி இருக்காங்க. அவரோட அக்கா. நான் வேலைக்குப் போறப்ப அவங்கதான் பாத்துக்கறாங்க. அந்த உதவி இல்லன்னா நான் இந்த வேலையில இருக்க முடியாது, அதை நான் எங்க வேணா சொல்லுவேன். ஆனா மேடம், நான் ஒரு வாரம் பூரா உக்காந்து கட்டினதை அவங்க ஒரு மத்தியானத்துல இடிச்சுடுவாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி பிஸ்கட். சாப்பிடறப்ப கையில போன், வாயைத் திறந்தா உருண்டை, அவ என்ன சாப்பிடறான்னே அவளுக்குத் தெரியாது. கல்லுல இடிச்சுக்கிட்டா கல்லை அடி. பொம்மையை உடைச்சா, பொம்மை சரியில்ல. எதைக் கேட்டாலும் ஒரே வார்த்தை, பாவம் விடு. பாவம் குழந்தை. பாவம் அழறா. காதுல அந்தப் பாவம் விழுந்தாலே எனக்கு உச்சந்தலை காயும்.

அவ அப்பா? அவரு இன்னும் மோசம். ஊர்ல பாதி லிஃப்டைக் கயித்துல தொங்கிக்கிட்டு ரிப்பேர் பண்ற ஆளு, இவ கண்ணுல தண்ணி வந்தா கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்துடுவாரு. தூங்கற நேரம் தாண்டி வெளிய கூட்டிட்டுப் போறது, வேணாம்னு நான் சொன்னதைப் பைக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டு வர்றது. அப்பாவும் பொண்ணும் மூலையில குசுகுசுன்னு பேசுவாங்க, நான் ஏதோ ஸ்கூல் இன்ஸ்பெக்டர் மாதிரி. ஏங்க, ஒரு வீட்ல ஒரு ஆளு மட்டும் எப்பவும் முடியாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா அந்த ஆளு எப்படி இருக்கும்? எல்லா நல்லதும் அவங்க கையிலேருந்து வரும், எல்லா வேணாமும் என் வாயிலேருந்து வரும். நான் மட்டும் என்ன, பல்லு விளக்கு, எடுத்ததை எடுத்த இடத்துல வை, அடிக்காதே, வாயால சொல்லுன்னு சொல்றதுக்குன்னே பொறந்தவளா?

நேத்து, சரி, நேத்து. வெட்டி முடிச்சாச்சு. கார்ட்டூன் போடற நேரம். எங்க வீட்ல ஒரு வழக்கம் உண்டு, தரையில கிடக்கற துண்டெல்லாம் பொறுக்கி டப்பாவுல போட்டுட்டுத்தான் டிவி. புதுசு இல்ல, எப்பவும் அதான். நானும் கூடப் பொறுக்குவேன். டிங்கு, வா பொறுக்கலாம்னேன். மாட்டேன்னா.

எனக்குச் சரியாக் கேக்கலையோன்னு நெனச்சேன். திரும்பச் சொன்னேன். மாட்டேன். டப்பாவைக் காலால ஒரு உதை. காகிதமெல்லாம் பறக்குது. கத்தரியை எடுத்து வீசினா, போய் ஃபிரிட்ஜ்ல பட்டுச்சு. நான் எந்திரிச்சுப் போய் கத்தரியை எடுத்து மேல் அலமாரியில வச்சேன். இது வீசறதுக்கு இல்ல, நாளைக்கு எடுத்துக்கலாம்னேன். குரலை உசத்தக்கூட இல்ல. அவ்வளவுதான். ஆரம்பிச்சா பாருங்க. தரையில விழுந்து, சுத்திச் சுத்தி, குதிகாலால தரையை உதைச்சுக்கிட்டு. மூஞ்சி செவந்து, மூக்குல வாயில எல்லாம் ஒழுகி. அந்தச் சின்ன உடம்புக்குள்ள அவ்வளவு சத்தம் எங்க இருந்துச்சுன்னு தெரியல. என்னென்னமோ கத்தினா.

அடிக்கல மேடம். கையை வைக்கல. தலை இடிக்காம இருக்க ஒரு தலையணையை மட்டும் நகத்தி வச்சேன். அதையும் தூக்கி எறிஞ்சா. சரின்னு கொஞ்சம் தள்ளி அந்தச் சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டேன். நான் இங்கதான் இருக்கேன், அழுது முடிச்சுட்டு வான்னு ஒரு தடவை சொன்னேன். அப்புறம் வாயைத் திறக்கல. கீழேருந்து டொக் டொக் டொக். அவரு பங்குக்கு அவரு.

கதவா? சாத்தினேன். அப்படிச் சொன்னாங்களா? ஆமா, சாத்தினேன், தாழ்ப்பாளும் போட்டேன். அவளை எந்த ரூம்லயும் போட்டுப் பூட்டல, வாசக்கதவைச் சொல்றேன். ரெண்டு பேரும் உள்ளதான் இருந்தோம், ஒரே ரூம்ல. அந்த நேரம் பாத்து நாத்தனார் வந்துட்டாங்க. படியேறுறப்பவே கேட்டிருக்கு. கதவைத் தட்டி, என்னடி பண்ற குழந்தையைன்னு வெளியேருந்து சத்தம். கதவைக் கொஞ்சமாத் திறந்தேன். என்னைத் தள்ளிட்டு வந்து அவளைத் தூக்கப் பாத்தாங்க. நான் குறுக்க நின்னுட்டேன். அக்கா, இப்ப வேணாம், தயவு செஞ்சு போயிட்டு அப்புறம் வாங்கன்னேன். எங்க கல்யாணம் ஆனதுலேருந்து அவங்களை எதுத்து நான் ஒரு வார்த்தை பேசினதில்ல. அவங்க மூஞ்சி போன போக்கைப் பாத்தீங்கன்னா... அப்படியே இறங்கிப் போயிட்டாங்க. நான் கதவைச் சாத்திட்டேன்.

இதுக்கு முன்னாடியா? இல்லீங்க. என்கிட்ட அவ அடம் பிடிச்சதே இல்ல. அவ அப்பாகிட்ட பிடிப்பா, அத்தைகிட்ட கேக்கவே வேணாம், கடைத்தெருவுலயே உருளுவா. என்கிட்ட மட்டும் ஒரு சத்தம் வராது. சொன்னா உடனே செய்வா. ஒரு தடவைக்கு மேல சொன்னதில்ல. நேத்துதான் முதல் தடவை.

என்ன கேட்டீங்க? பயமா?

என்கிட்டயா?

கேளுங்க, தப்பில்ல. உங்க வேலை அது. நானா இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். எல்லார்கிட்டயும் ஆடற குழந்தை ஒரு ஆளுகிட்ட மட்டும் அடங்கிப் போனா, அந்த ஆளைத்தானே சந்தேகப்படணும். ஆமா மேடம். பயந்தா. நான் அடிப்பேன்னு இல்ல. அதைச் சொன்னா வேற எங்கயோ போகும். அந்தக் கீழ் வீட்டு மனுஷனுக்கு இதெல்லாம் என்ன தெரியும், ஒரு போனைப் போட்டுட்டு...

அவரு இல்லையா?

பொம்பளைக் குரலா? சொந்தக்காரங்கன்னு சொன்னாங்களா.

ஓ.

இல்லங்க, ஒண்ணுமில்ல. தண்ணி குடிக்கறீங்களா? நான் குடிச்சுக்கறேன்.

சரி, அவங்க என்ன வார்த்தை சொன்னாங்கன்னு சொல்லலாமா? பேரு வேணாம், வார்த்தை மட்டும். குழந்தையோட அம்மா கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு... அம்மான்னா சொன்னாங்க? அம்மான்னேவா? நல்லா ஞாபகம் இருக்கா உங்களுக்கு?

சும்மா கேட்டேன். என் காதுபட அவங்க இதுவரைக்கும் அப்படிச் சொன்னதில்ல, அதான். புகார் குடுக்கறப்பயாவது வாயில வந்துச்சே.

நான் பெத்தவ இல்ல மேடம். உங்ககிட்ட அதைச் சொல்லலையா அவங்க? டிங்குவைப் பெத்தவங்க உடம்பு முடியாம இறந்து போயிட்டாங்க. அப்ப இவளுக்குப் பேச்சுகூட முழுசா வரல. அந்த நாள்ல இவளை மடியில வச்சுக்கிட்டு இருந்தவங்க எங்க நாத்தனார்தான். ராத்திரி எல்லாம் அம்மா எங்கன்னு கேட்டு அழுத குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தவங்க. அதனாலதான் அவங்களுக்கு இவ அழறது தாங்காது. அந்தச் சத்தம் கேட்டா அவங்களுக்குப் பழசு எல்லாம் வந்துடும். அவங்க மேல நான் எப்படிக் கோவப்படறது? கோவம் வருது, இல்லன்னு சொல்லல. இப்பக்கூட வருது. நேரா அவங்க வீட்டுக்குப் போய் நாலு கேள்வி கேக்கணும்னு இருக்கு. ஆனா அவங்க இவளுக்காகத்தான் போன் பண்ணியிருக்காங்க. அதுல சந்தேகம் இல்ல.

போன வருஷம் கல்யாணம் ஆகி நான் வந்தப்ப என்னை என்னன்னு கூப்பிடறதுன்னு வீட்ல பெரிய விவாதம். அவரு அம்மான்னாரு. நாத்தனார் சித்தின்னாங்க. யாரும் அவளைக் கேக்கல. அவளா ஆன்ட்டின்னு வச்சுக்கிட்டா. மளிகைக்கடைக்கு வர்றவங்களைக் கூப்பிடறோமே, அந்த ஆன்ட்டி. சரி, அதுவே இருக்கட்டும்னேன். ஆனா பாருங்க, அந்தக் குழந்தை என்கிட்ட நடந்துக்கிட்டது இருக்கே, விருந்துக்கு வந்தவங்க மாதிரி. தண்ணி குடிக்கலாமா ஆன்ட்டி. போதும் ஆன்ட்டி, தேங்க்ஸ். சொந்த வீட்ல, சொந்த டம்ளர்ல! கேரட் வச்சா ஒரு துண்டு விடாம சாப்பிடுவா. நானும் பரவாயில்லையே, காய்கறி சாப்பிடற குழந்தைன்னு ஆபீஸ்ல பெருமை அடிச்சுக்கிட்டேன். அப்புறம் ஒரு நாள் அவரு சொல்றாரு, இவளுக்குக் கேரட்டே பிடிக்காதே, வாயில வச்சாலே துப்பிடுவாளேன்னு. அப்புறம் ஆபீஸ்ல நான் அந்தப் பேச்சையே எடுக்கல மேடம்.

ஒரு நாள் படியில விழுந்துட்டா. முட்டி நல்லாத் தேஞ்சு ரத்தம். நான் தூக்கிட்டு வந்து கழுவி மருந்து போடறேன், எரியும், பெரியவங்களே கத்துவாங்க. இவ உதட்டை உள்ள மடிச்சு இறுக்கிக்கிட்டு என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்கா. ஒரு சொட்டு இல்ல. வலிக்குதாம்மான்னா, இல்ல ஆன்ட்டி. சாயங்காலம் அவரு வந்து கதவைத் திறந்தாரு பாருங்க, அந்த நிமிஷம் ஓன்னு அழுதா. அவ்வளவு நேரம் எங்கயோ உள்ள மடிச்சு வச்சிருந்திருக்கா. நான் சமையல்ரூம்ல நின்னு கேட்டுட்டு இருந்தேன். அவரு வந்து, என்ன நீ குழந்தையைச் சமாதானப்படுத்தலையான்னு கேக்கறாரு. என்னன்னு சொல்லுவேன்? அழாத குழந்தையை எப்படிச் சமாதானப்படுத்தறது?

ஏன்னு எனக்கு ரொம்ப நாள் புரியல. நான் ஏதோ கடுமையா இருக்கேன் போலன்னு என்னையே திட்டிக்கிட்டேன். அப்புறம் ஒரு மத்தியானம் தலைவலின்னு ஆபீஸ்லேருந்து சீக்கிரம் வந்தேன். உள்ள நாத்தனார் அவளுக்குத் தலை வாரிக்கிட்டு இருக்காங்க. இவ அசைஞ்சுக்கிட்டே இருக்கா. சமத்தா இருடா தங்கம், ஆன்ட்டிகிட்ட அடம் பிடிக்கக் கூடாது, நீ படுத்தினா அப்புறம் இவங்களும் போயிடுவாங்க இல்லன்னு சொல்றாங்க. கெட்ட எண்ணம் இல்ல மேடம். கொஞ்சற குரல்லதான் சொன்னாங்க. என்கூட அவ ஒத்துப்போகணும்னு அவங்க ஆசை. இவங்களும்னு சொன்னாங்க பாருங்க, அந்த உம்-மைக் கேட்டுட்டு நான் செருப்பைக் கழட்டாம வாசல்லயே நின்னுட்டேன்.

அன்னைக்கு அவளைப் பக்கத்துல உக்கார வச்சு சொன்னேன். டிங்கு, நீ அடம் பிடிச்சாலும் நான் போக மாட்டேன், சாமானை உடைச்சாலும் போக மாட்டேன், கத்தினாலும் போக மாட்டேன், ஆபீஸ் போவேன், சாயங்காலம் வந்துடுவேன்னு. கவனமாக் கேட்டுக்கிட்டா. தலையை ஆட்டினா. சரிங்க ஆன்ட்டின்னா.

சரிங்கன்னா மேடம். அடுத்த நாளும் கேரட் சாப்பிட்டா.

சொல்லிக் குடுக்கறது சொல்லிக் குடுக்கறதுன்னு ஆளாளுக்குப் பேசறோம். வாயால சொன்னா ஒரு குழந்தை எதையாவது நம்பிடுதா? கத்தரியைப் பிடிக்கறதையே எத்தனை நாள் காட்டினேன். இதை எப்படிக் காட்டறது? அவ அடம் பிடிச்சாத்தானே நான் போகாம உக்காந்து காட்ட முடியும்? அவதான் பிடிக்கவே மாட்டேங்கறாளே. நான் என்ன, அவளை வம்புக்கு இழுக்கவா முடியும்? சில நாள் வேணும்னே கேரட்டை ரெண்டு தடவை வச்சுப் பாத்திருக்கேன், வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிடுவாளான்னு. மென்னு முழுங்கிட்டு தட்டைக் கொண்டு போய் சிங்க்ல வைக்கறா. எல்லாரும், நல்லா வளக்கறே, எவ்வளவு மரியாதையான பொண்ணுங்கறாங்க. எனக்குத் தலையைச் சுவத்துல முட்டிக்கலாம் போல இருக்கும்.

இப்பப் புரியுதா மேடம், நேத்து ஏன் நாத்தனாரை உள்ள விடலைன்னு. அந்த நேரத்துல அவங்க இவளைத் தூக்கிட்டுப் போயிருந்தா, கத்தினா ஆன்ட்டி இல்லாமப் போயிடுவாங்கங்கறது உண்மையாயிடும். அப்புறம் அவ ஜென்மத்துக்கும் என்கிட்ட கத்த மாட்டா. அதை எப்படி அவங்களுக்குப் படிக்கட்டுல நின்னு விளக்கறது? நான் சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தேன். அவ நடுவுல நிறுத்திட்டுத் தலையைத் தூக்கிப் பாப்பா, நான் இருக்கேனான்னு. இருப்பேன். திரும்பக் கத்துவா. மறுபடி பாப்பா. எனக்குக் கால் மரத்துப் போச்சு, பாத்ரூம் போகணும், போகல. கடைசியில குரலே போயி, விக்கிக்கிட்டு, தவழ்ந்து வந்து என் மடியில மூஞ்சியை வச்சு அந்த மூக்கை எல்லாம் என் துணியில துடைச்சுட்டு அப்படியே தூங்கிட்டா. நான் எந்திரிக்கல. அவரு வந்து பாக்கறப்ப வீடு பூரா காகிதம், நடுவுல நாங்க ரெண்டு பேரும். என்ன நடந்துச்சுன்னு கேட்டாரு. ஒண்ணுமில்ல, சண்டைன்னேன். ராத்திரி எழுந்து சாப்பிட்டா. கேரட்டைத் தட்டு ஓரத்துல ஒதுக்கி வச்சா. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

காகிதமா? இன்னைக்குக் காலையில ரெண்டு பேருமாப் பொறுக்கினோம். அதை விட முடியுமா? வழக்கம் வழக்கம்தான்.

என்ன கத்தினான்னா கேக்கறீங்க? பெருசா ஒண்ணுமில்ல. எல்லாக் குழந்தையும் கத்தறதுதான். நீ போன்னா. நீ வேணாம், உன்னைப் பிடிக்கல, நீ போன்னு.

ஒரு வருஷமா என்னை நீங்க, வாங்க, போங்கதான் மேடம். அவ அப்பாவை நீன்னு கூப்பிடறா, அத்தையையும் நீன்னுதான் கூப்பிடறா, அவளைப் பெத்தவங்களையும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பா. என்னை மட்டும் நீங்க. நேத்துதான் முதல் முதலா நீன்னா. படியில நின்னுக்கிட்டு நாத்தனார்கூட, பாத்தியா, மரியாதை இல்லாமப் பேசறா, இதான் நீ வளக்கற லட்சணமான்னாங்க. மத்தது எல்லாத்தையும் திருத்தினேன் மேடம், அதை மட்டும் நான் திருத்தல.

ம்? சத்தம் கேக்குதா? எந்திரிச்சுட்டா. வாங்க, வந்து பாத்துக்கோங்க. ஆனா ஒண்ணு, நான் முதல்ல போறேன், நீங்க பின்னாடி வாங்க, புது ஆளைப் பாத்தா... கேளுங்க, எப்படிக் கூப்பிடறா பாருங்க. ஏய், எங்க இருக்க நீன்னு கேக்கறா. ஏயாம்! இனிமே இதை வேற மாத்தணும், ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு, என் தலையெழுத்து. இரு டிங்கு, கத்தாதே. இங்கதான்டி இருக்கேன்.